பின்படிக்கு எதிர் சீட்டு

போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்பவனுக்குப் போன் மணி கேட்காது. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதைக்கூட அவன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அன்றைக்குச் சத்தீஸ்கரில் ஒரு பொட்டல் காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். நானூறு அடி போயும் வெறும் புழுதிதான் வந்தது. டீ குடிக்க நிறுத்தியபோது போனை எடுத்துப் பார்த்தேன். அக்காவிடமிருந்து பதினோரு அழைப்புகள்.

அக்கா அப்படிக் கூப்பிடுகிறவள் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனவன். லாரியில் கிளீனர், பெருந்துறையில் சாயப்பட்டறை, கேரளாவில் ரப்பர் தோட்டம், அப்புறம் ரிக் என்று இருபத்தேழு வருடமாக ஓர் இடத்தில் நின்றதில்லை. எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் சொல்வதில்லை. பொங்கலுக்கு ஒரு போன் பண்ணினால் அந்த வருடத்துக்கு அது போதும் என்று அவளும் பழகிவிட்டாள்.

திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது ஓர் ஆண் குரல்.

“பதறாதீங்க தம்பி. உங்க மாமாவுக்கு உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. கையிலதான் வெட்டு. நான் அவரு பஸ்ஸுல தெனமும் வர்ற டைலருங்க. உங்க அக்கா இங்க பக்கத்துலதான் இருக்காங்க, பேச முடியல. பொறப்பட்டு வந்துருங்க.”

ரயிலில் இரண்டு நாள். உட்கார இடம் கிடைக்கவில்லை, அது எனக்குப் பழக்கம்தான். கோயமுத்தூரில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாமா, அதாவது அக்காவின் புருஷன், தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். காந்திபுரத்திலிருந்து சத்தி ரோட்டில் கணபதி, சரவணம்பட்டி வழியாகக் கோவில்பாளையம் வரை போகிற வண்டி. அதே தடத்தில் பத்தொன்பது வருடம். வண்டி ஒரு தடவை போவது ஒரு நடை. அன்றைக்குக் காலை பதினோரு மணி நடையில் ஒருவன் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறான். “உள்ள வந்துருங்க” என்று மாமா சொன்னார். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. அவன் உள்ளே வந்தான், கத்தியோடு. முதல் வெட்டு கழுத்துக்கு வந்தது. தோளில் கிடந்த தோல் பையின் வார் அதை வாங்கிக்கொண்டது. இரண்டாவது வெட்டை வலது கையால் தடுத்தார். அவன் குதித்து ஓடிவிட்டான்.

இரண்டு நாளில் அவனைப் பிடித்தார்கள். மாமாவை அவனுக்கு முன்பின் தெரியாது. போதையில் இருந்தான் என்றார்கள். அதற்கு மேல் காரணம் என்று ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான். போலீஸ்காரரிடம் கேட்டாள், டாக்டரிடம் கேட்டாள், சத்தீஸ்கரிலிருந்து வந்து இறங்கிய என்னிடமும் கேட்டாள்.

“எதுக்கு தம்பி வெட்டுனான்? ஒரு காரணம் இருக்கோணுமில்ல?”

வெட்டுப்பட்ட பிறகு பஸ்ஸில் நடந்ததை எனக்கு மற்றவர்கள் சொன்னார்கள். டிரைவர் ஆம்புலன்சுக்குக் காத்திருக்கவில்லை. எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல், முப்பது பேரோடு பஸ்ஸையே ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். வழியில் இறக்கிவிடச் சொல்லி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. டைலர் யாருக்கோ தைக்க வைத்திருந்த புது ஜாக்கெட் துணியைக் கிழித்துக் கட்டினார். பூக்கூடையோடு வந்த அம்மா ஒருவர் மாமாவின் கையை ஆஸ்பத்திரி வரை மேலே தூக்கிப் பிடித்தபடியே வந்திருக்கிறார். பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அவசரப் பிரிவு வாசலில் பஸ் நின்ற பிறகும் அது பாடிக்கொண்டே இருந்ததாம்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் டைலரும் அந்தப் பூக்காரம்மாவும் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் யாரையும் எனக்குச் சரியாகத் தெரியாது. அதனால், “நீங்க எந்த வகையிலீங்க?” என்று கேட்டேன்.

பூக்காரம்மா சொன்னார்: “நாங்க பதினொரு மணி நடைங்க.”

ஒரு சாதிசனத்தைச் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கோவில்பாளையத்தில் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு, ஒரு மாடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாமாவின் வலது கைக் கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மடங்கவில்லை. கழுத்தில், வார் கிடந்த இடத்துக்கு மேலே, ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்தான் கண்ணில் நிற்கும். ஒரு விரல் அகலத் தோல் வார். கம்பெனி கொடுத்தது. அது கொஞ்சம் தள்ளிக் கிடந்திருந்தால் அந்த வீட்டில் வேறொரு காரியம் நடந்திருக்கும்.

அக்கா அழவில்லை. வேறு மாதிரி ஆனாள். வீட்டிலிருந்த கத்தி, அரிவாள்மனை, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கும் அருவாள் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அவரைக்காயைக் கையால் ஒடித்தாள். வெங்காயத்தை அம்மியில் வைத்துத் தட்டினாள். பூசணிக்காயை வாசல் கல்லில் போட்டு உடைத்தாள். தக்காளி பிசைந்துதான் குழம்புக்குள் போனது. மாதக் கணக்கில் அந்த வீட்டில் எந்தக் காயும் வெட்டுப்படவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமா மட்டும் ஒருநாள் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

“ஏம்மணி, இந்த முட்டைக்கோசு என்ன பாவம் பண்ணுச்சு?”

“தின்னுங்க பேசாம.”

தெருவில் இளநீர்க்காரர் வந்து இளநீர் சீவும் சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கடைக்குப் போனால் திரும்பும் வரை வாசலில் நிற்பாள். நாற்பத்தோரு வயதில் எனக்கு வாசலில் ஒருத்தர் நிற்பது புதிதாக இருந்தது. முதலில் எரிச்சலாகக்கூட இருந்தது.

மூன்று மாதத்தில் மாமா பாதி ஆளானார். ஆறடி மனுசர், விசிலும் குரலுமாக நாளெல்லாம் நின்றவர், நாற்காலியில் உட்கார்ந்து மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள், ஷெட்டில் கணக்கு எழுதும் வேலை. வேண்டாம் என்றுவிட்டார். பழைய காலண்டர் தாள்களை டிக்கெட் அளவுக்குக் கிழித்துக் கட்டாக்கினார். கட்டை விரல் மடங்காத வலது கையில் அதை வைத்து ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாகக் கிழித்துப் பழகினார். தரையெல்லாம் தேதிகளாகக் கிடக்கும். அக்கா கூட்டிக்கொண்டே இருப்பாள். அவர் பஸ்ஸில் ஏறாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். ஏறினால் தன் கதி என்ன என்றும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்காவும் சேலை மாற்றிக்கொண்டு கூடக் கிளம்பினாள்.

“எங்கம்மணி?”

“டவுனுக்கு ஒரு சோலி.”

அந்தச் சோலி அன்றைக்கு எட்டு நடை போய் எட்டு நடை வந்தது. பின்படிக்கு எதிரே ஓர் ஒற்றைச் சீட்டு உண்டு. அதில் உட்கார்ந்து, படியில் ஏறுகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே போனாள். மறுநாளும் போனாள், அடுத்த நாளும். மாமா அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

“கவர்மெண்ட் பஸ்ஸுன்னா லேடீசுக்கு ஓசி. இந்தம்மா டிக்கெட் எடுத்துத்தான் புருசனப் பாக்க வருது,” என்று டிரைவர் பின்னால் பார்த்துக் கத்துவார். “நம்ம கண்டக்டருக்கு இசட் பிளஸ் பாதுகாப்புங்க.”

மாட்டை நான் கறந்தேன். நான் கறந்தால் அது காலைத் தூக்கும். பால் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது வாரம் அக்காவின் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. சாப்பாடும் இல்லை. அப்போதும் விடவில்லை. நான் ஒருநாள் கூடப் போனேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மாமா எல்லாம் பழையபடி செய்தார். சில்லறை கொடுத்தார், குழந்தைகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். ஆனால் படியில் யாராவது தொங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்பக்கம் போய்விடுவார். “உள்ள வந்துருங்க” என்ற அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அக்காவும் அதைப் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் பூக்காரம்மா வந்து எதிரே நின்றார். காந்திபுரத்தில் ஏறிச் சரவணம்பட்டியில் இறங்கிப் பூ விற்கிறவர். ஐம்பது வயது இருக்கும். மாமா முன்பக்கம் போன நேரம் பார்த்துக் கூடையை அக்கா மடியில் வைத்தார்.

“ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரர ஒரு ஆளுதான் பாத்துக்கோணும்னு எழுதியிருக்குதா?”

அக்கா கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்திரிங்க. ஊட்டுக்குப் போங்க, மாட்டப் பாருங்க, கால நீட்டிப் படுங்க. இந்த சீட்டு இனி எங்களோடது.”

“உங்களுக்கெதுக்குங்க இந்தத் தொல்ல?”

“அன்னைக்கு அந்தக் கையப் புடிச்சுட்டு வந்தவ நானு. எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நெனச்சீங்களா?”

இப்படித்தான் அது தொடங்கியது. கூட்டம் போட்டுப் பேசினார்களா, யார் யாரிடம் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாளிலிருந்து அந்தச் சீட்டில் எப்போதும் தினசரிப் பயணி ஒருத்தர் இருந்தார். இறங்குகிறவர் இறங்கும் முன் அடுத்தவரைக் கண்ணால் கூப்பிட்டு உட்கார வைப்பார். இறங்கியதும் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால். பேச்சு கிடையாது, ஒரு மணி அடித்து நிற்கும். டைலர் அத்திப்பாளையம் பிரிவில் இறங்கி ஒன்று. பூக்காரம்மா சரவணம்பட்டியில் ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அந்த மூன்றாவது பெண், கல்லூரி விடுதியில் சமைக்கிறவள், குரும்பபாளையத்தில் இறங்கி ஒன்று. மற்ற நடைகளுக்கு வேறு ஆட்கள். அக்காவுக்கு அவர்கள் முகம்கூடத் தெரியாது, நம்பர்தான் தெரியும். அடுப்படியில் போனை வைத்துக்கொண்டு வேலை செய்வாள். மணி அடிக்கும்போதெல்லாம், “கணபதி தாண்டியாச்சு,” “பிரிவு வந்தாச்சு,” என்று மாட்டிடம் சொல்வாள்.

நான் பல ஊர் பார்த்தவன். அடிபட்டுக் கிடப்பவனைத் தாண்டிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், நானும் தாண்டிப் போயிருக்கிறேன். டிக்கெட் எடுத்து இறங்கிப்போகிற ஜனம் ஒரு மனுசனை இப்படிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து வீட்டில் சேர்ப்பதை நான் எங்கும் கண்டதில்லை. வாசலில் உட்கார்ந்து அந்த மணிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ரிக்குக்குத் திரும்ப வேண்டியவன் ஏதேதோ சொல்லி அங்கேயே இருந்தேன்.

ஒரு நாள் பதினோரு மணி நடையில் டைலரின் மணி அடித்தது. சரவணம்பட்டியிலிருந்து பூக்காரம்மாவின் மணியும் அடித்தது. அடுத்து பத்து நிமிடத்தில் சமையல்காரப் பெண்ணின் மணி வர வேண்டும். வரவில்லை. அக்கா அடுப்பை அணைத்தாள். இன்னும் ஐந்து நிமிடம் போனது. மாமாவுக்குக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. சமையல்காரப் பெண்ணுக்குக் கூப்பிட்டாள், மணி போனது, எடுக்கவில்லை.

“வண்டிய எடு தம்பி,” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடியின் வலி ஒரு வாரம் இருந்தது.

எதிர்த்திசையில் போன நாங்கள் குரும்பபாளையம் தாண்டியதும், கொஞ்ச தூரத்தில் பஸ் அங்கே வந்து சேராமலேயே நின்றுகொண்டிருந்தது. ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். எஞ்சின் ஓடவில்லை. எப்போதும் அலறுகிற பாட்டு இல்லை. ஜன்னலெல்லாம் தலைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. ரோட்டோரச் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் மாமா உட்கார்ந்திருந்தார். ரத்தம் இல்லை. வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். இரண்டும் நடுங்கின.

அக்கா வண்டி நிற்கும் முன்பே குதித்தாள். ஆனால் ரோட்டில் நின்றிருந்த ஒருத்தர் கையை நீட்டி மறித்தார். பூக்காரம்மா. சரவணம்பட்டியில் இறங்கியிருக்க வேண்டியவர்.

“இருங்க அம்மணி. யாரும் ஒண்ணும் பண்ணல.”

நடந்தது இதுதான். சரவணம்பட்டிக்கு முந்தின ஸ்டாப்பில் ஒரு பையன் ஏறிப் பின்படியிலேயே நின்றுவிட்டான். அன்றைக்கு வெட்டினவன் பிடித்துத் தொங்கிய அதே கம்பி. பூக்காரம்மாவுக்கு அவனைப் பார்த்ததும் இறங்க மனம் வரவில்லை. அக்கா பயப்படக் கூடாது என்று மணியை மட்டும் அடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மாமா தானாகவே படிக்கு வந்தார். இத்தனை நாள் திருப்பிக்கொண்ட முகத்தை அன்றைக்குத் திருப்பவில்லை. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நீளமாக ஒரு விசில் அடித்து வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் அந்தச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

“கையப் பாருங்க, நடுங்குது,” என்றாள் அக்கா.

“நடுங்கட்டுங்க. நடுங்கி முடிக்கட்டும். நாம போனா மறுபடி ஊட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவோம்.”

அக்கா நின்றாள். இருபதடி தூரம். புருசன் நடுங்குகிறார், ஒரு பெண்ணின் கை குறுக்கே இருக்கிறது, அதைத் தள்ள அவளுக்குப் பலம் உண்டு. தள்ளவில்லை. அவள் அதுவரை செய்ததிலெல்லாம் அதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றியது.

பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கம்பெனிப் பிள்ளைகள் இருந்தார்கள். நேரமாச்சு என்று ஒருத்தர்கூட முனகவில்லை. டிரைவர் ஸ்டியரிங்மேல் கையை மடித்து வைத்து நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர் போடும்போது ஒரு நேரம் வரும். நூறு நூறு அடியாகப் பறந்த புழுதி சட்டென்று அடங்கி, காற்றில் ஈர வாசம் அடிக்கும். தண்ணீர் இன்னும் வந்திருக்காது. வருமா என்றும் தெரியாது. காட்டுக்குச் சொந்தக்காரர், நாங்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள்வோம். அந்த அமைதி சத்தி ரோட்டில் அந்த பஸ்ஸுக்குள் இருந்தது.

மாமா எழுந்தார். பின்பக்கம் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பையின் வாரைக் கழுத்துப் பக்கம் இழுத்துச் சரிசெய்தார். படிக்கு நேராகப் போய் நின்றார். அந்தப் பையன் இன்னும் கம்பியைப் பிடித்தபடியே இருந்தான். மிரண்டிருந்தான்.

“தம்பி, உள்ள வந்துருங்க கண்ணு. படில நிக்கக் கூடாதுங்க.”

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டது. பையன் காதில் செருகியிருந்ததைப் பிடுங்கினான்.

“சாரிங்கண்ணா, கேக்கல. பஞ்சருன்னு நெனச்சேன்.”

உள்ளே போனான். அவ்வளவுதான். மாமா ஏறினார், விசில் அடித்தார். பூக்காரம்மா எதிர்ப்பக்கம் போய்ச் சரவணம்பட்டி பஸ்ஸுக்குக் கை காட்டினார். அவருடைய பூ அதற்குள் வாடத் தொடங்கியிருக்கும். வண்டி எங்களைத் தாண்டும்போது மாமா அக்காவைப் பார்த்தார். ஸ்டாப் இல்லாத இடத்தில் நிற்பவர்களைப் பார்த்து எல்லாக் கண்டக்டர்களும் காட்டுவதுபோல, நிற்காது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

பஸ் மறைந்ததும் அக்காவின் இடுப்பிலிருந்த போன் ஒரு மணி அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தாள். சமையல்காரப் பெண்.

“இப்பத்தான் அவளுக்கு நெனப்பு வந்திருக்குது,” என்றாள். சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அந்தப் பாலத்துச் சுவரில், மாமா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, அதற்கப்புறம் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழ வேண்டியதையெல்லாம் அழுதாள். நான் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், “பரண்ல இருக்கற சாக்க எறக்கு தம்பி,” என்றாள். அரிவாள்மனையில் துரு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தாள். ஒரு புடலங்காயை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நறுக்கினாள். சாயங்காலம் மாமா தட்டைப் பார்த்தார்.

“என்னம்மணி, இன்னைக்கு வட்ட வட்டமா இருக்குது?”

“தின்னுங்க பேசாம.”

அந்த வாரமே நான் கிளம்பினேன். காந்திபுரம் வரை மாமாவின் பஸ்ஸிலேயே போனேன். இறங்கும்போது பக்கத்தில் வந்து சொன்னார்.

“மாப்ள, அந்த சீட்டு சமாச்சாரம் எனக்குத் தெரியாதுன்னு உங்க அக்கா நெனச்சுட்டிருக்கா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாமயே இருக்கட்டும்.”

பயம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. அவர் கையில் ரப்பர் பேண்ட் இறுக்கின தடம் இருந்தது. பின்படிக்கு எதிர் சீட்டில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஒடிசாவில் இருக்கிறேன். அடுத்த மாதம் எங்கே என்று தெரியாது. மாமா வீடு வந்து சேர்ந்ததும் தினமும் சாயங்காலம் அக்கா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள். கம்ப்ரசர் சத்தத்தில் மணி கேட்காது. அதனால் போனை அதிரும்படி வைத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். நெஞ்சுக்கு மேலே ஒரு தடவை அதிர்ந்து நிற்கும். கைச்சேற்றைத் துடைத்துவிட்டு நானும் ஒரு மணி அடித்து விடுகிறேன்.